ஓஷன் பூல் என்றால் என்ன? ஏரிக் கலிங்கு பார்த்தவர்களுக்கு எளிது

ஊரிலிருந்து வந்திருந்த மாமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்னியின் பிரான்டி கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கரையின் தெற்கு ஓரத்தில், செங்குத்தான பாறைக்கு அடியில், கடலை ஒட்டியே ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அலை வந்து அதன் சுவரில் மோதி, எகிறி, உள்ளே கொட்டுகிறது. உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர் அதைக் கண்டுகொள்ளாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்திக்கொண்டிருந்தார். மாமா கொஞ்ச நேரம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் கேட்டார்.

"மோட்டார் எங்கடா வெச்சிருக்கான்?"

"மோட்டார் இல்ல மாமா."

"அப்ப தண்ணி?"

"கடலே கொண்டுவந்து ஊத்துது."

"அழுக்குத் தண்ணி வெளிய போக?"

"அதையும் கடல்தான் பாத்துக்குது."

நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் குளங்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, கூடவே வரும் விளக்கங்கள்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன. ஒருவர் "இயற்கை அதிசயம்" என்கிறார், ஒருவர் "ஐந்து நட்சத்திர ஹோட்டல் குளம்" என்கிறார், இன்னொருவர் "ஊர்மக்களே சேர்ந்து கட்டிய குளங்கள், அரசு ஒரு பைசா தரவில்லை" என்று உணர்ச்சிவசப்படுகிறார். மூன்றாமவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று பார்ப்பதற்கு முன்னால், குளம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எது ஓஷன் பூல், எது இல்லை

கடலோரப் பாறைத்தளத்தில் சுவர் எழுப்பி, கடல்நீரே நிரம்பி, கடல்நீரே மாறிக்கொண்டிருக்கும்படி கட்டிய நீச்சல் குளம்தான் ஓஷன் பூல். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கரையில் மட்டும் இப்படி ஏறக்குறைய 100 குளங்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலும் பிரிட்டனிலும்கூட உண்டு. ஆனால் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் கிடையாது என்பதால் நான் சிட்னிப் பக்கத்துக் கதையையே சொல்கிறேன்.

கடலைப் பார்த்தபடி ஹோட்டல்காரர்கள் கட்டும் குளம் இதில் சேராது. அதில் குளோரின் போட்ட தண்ணீர் மோட்டாரில் சுற்றிக்கொண்டிருக்கும், கடல் வெறும் பின்னணிப் படம். பாறை இடுக்கில் தானாகத் தேங்கும் குட்டையும் இதில் சேராது. பிரான்டியில் இந்த வித்தியாசத்தைப் பக்கத்துப் பக்கத்திலேயே பார்க்கலாம். கட்டிய குளத்துக்கு அருகில், கடற்கரையிலேயே, பாறைகள் வளைத்து நிற்கும் ஒரு தண்ணீர்ப் பகுதி உண்டு, அதை போகி ஹோல் என்பார்கள். குழந்தைகள் அதில் விளையாடும். ஆனால் பாறைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் போய்வந்துகொண்டே இருக்கும். கடல் இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். கட்டிய குளமோ கடல் இறங்கின பிறகும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

தலைகீழ்க் கலிங்கு

மாமா ஏரிப் பாசனத்தில் முப்பது வருடம் நெல் போட்டவர், அதனால் கலிங்கு என்று ஆரம்பித்தவுடனே பிடித்துக்கொண்டார். தெரியாதவர்களுக்கு: ஏரி நிரம்பி வழியும்போது கரை உடையாமல் உபரித் தண்ணீர் வெளியேற, கரையில் ஓரிடத்தில் மட்டும் தாழ்வாகக் கல்லால் கட்டியிருப்பார்கள், அதுதான் கலிங்கு. ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதை அதன் உயரம்தான் முடிவு செய்கிறது. பாசனத்துக்காகத் திறந்து மூடுகிற வாய்க்கு மதகு என்று பெயர்.

ஓஷன் பூலில் இந்த இரண்டும் உண்டு, ஆனால் கலிங்கு தலைகீழாக வேலை செய்கிறது. கடல் பக்கத்துச் சுவர்தான் இங்கே கலிங்கு. ஏரியில் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வழிகிறது, இங்கே வெளியே இருக்கும் கடல் ஏறி, சுவரைத் தாண்டி உள்ளே வழிகிறது. கடல் இறங்கினால் சுவருக்கு உள்ளே இருப்பது அங்கேயே நிற்கிறது. அந்த நேரத்தில் போய்ப் பார்த்தால், கடல் எங்கோ கீழே பாறையை நக்கிக்கொண்டிருக்க, குளம் மட்டும் மாட்டுத்தொட்டி மாதிரி மேலே ததும்பிக்கொண்டிருக்கும். காலி செய்ய வேண்டுமென்றால், கடல் இறங்கியிருக்கும்போது சுவரின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்துவிடுவார்கள், அது நம் மதகு. தண்ணீர் தானாகவே கடலுக்கு ஓடிவிடும். மறுபடி கடல் ஏறும்போது குளம் நிரம்பும்.

இதில் நுணுக்கமெல்லாம் சுவரின் உயரத்தில்தான் இருக்கிறது. உயரம் கூடிப்போனால் புதுத் தண்ணீர் உள்ளே வராது, பழையது சூடாகி, பாசி பிடித்து, நாற ஆரம்பிக்கும். குறைந்துபோனால் நீந்துகிறவர்களை அலை தூக்கிப் பாறையில் அடிக்கும், மணலும் கடற்பாசியும் அள்ளிவந்து குளத்தைத் தூர்த்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் அலை ஒவ்வொரு மாதிரி வரும், அதனால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. கட்டிப் பார்த்து, புயலில் அடிவாங்கி, இன்னும் கொஞ்சம் உயர்த்தி என்று பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

சரி, மாமாவின் மோட்டார் கேள்விக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். சில பெரிய குளங்களில் தண்ணீரை ஏற்ற பம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அடிப்படை ஏற்பாடு சுவரும் வால்வும்தான்.

கடல் எதற்காக ஏறி இறங்குகிறது

நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல்மட்டம் ஒழுங்காக ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். சிட்னிக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் என்பதால், இன்று காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை காலை பத்து மணியை நெருங்கிவிடும். சாதாரண நாளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு மீட்டர் போல வித்தியாசம் இருக்கும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அது கூடும், மிகப் பெரிய ஏற்றத்தின்போது 2 மீட்டர் அளவுக்கும் போகும்.

இந்த அளவு குளம் கட்டுவதற்குத் தோதானது. ஏற்ற இறக்கமே இல்லாத கடலில் மதகைத் திறந்தாலும் தண்ணீர் வடியாது. பத்து மீட்டர் ஏறி இறங்கும் கடலில் என்றால் சாதாரணச் சுவர் ஏற்றத்தில் முழுகிப்போகும்.

இன்னொன்று, ஓதமும் அலையும் ஒன்றில்லை. ஓதம் மொத்தக் கடல்மட்டத்தையே மெதுவாகத் தூக்கி இறக்குகிறது, அலை அதன் மேல் ஓடுகிறது. கடல் அமைதியான நாளில் ஏற்றத்தின்போதுகூடச் சுவருக்கு மேல் லேசாகத்தான் வழியும். பெரிய அலை வரும் நாளில் இறக்கத்திலேயே சுவரைத் தாண்டி அடிக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பாறைமேல் ஒரு சுவர், அடியில் ஒரு வால்வு. ஏற்றத்தில் நிரம்பும், இறக்கத்தில் காலி செய்யலாம், நடுவில் அலை கழுவிக்கொண்டிருக்கும்.

ஏன் நிறையக் குளங்கள் தெற்கு ஓரத்தில்?

சிட்னிக் கடற்கரைகளில் இரண்டு முனையிலும் மணற்கல் குன்றுகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் அடிவாரத்தை அலை காலங்காலமாக அரித்து, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில், திண்ணை மாதிரித் தட்டையாக ஆக்கி வைத்திருக்கிறது. குளத்துக்குத் தரையும் கரைப் பக்கமும் ஓரளவு தயாராகவே கிடைக்கிறது, மனிதன் கட்ட வேண்டியது மிச்சம் இருக்கும் பக்கங்களை மட்டும். வட முனையிலும் இதே திண்ணை உண்டு. ஆனால் இங்கே கெட்ட காற்றும் கனத்த அலையும் தெற்கிலிருந்துதான் அதிகம் வரும். தெற்குக் குன்றின் மறைவில் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். அதனால்தான் நிறையக் குளங்கள் கடற்கரையின் தெற்கு ஓரத்தில் இருக்கின்றன.

கட்டுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். பாறை வெளியே தெரிவதே இறக்கத்தை ஒட்டிய சில மணி நேரம்தான். அதற்குள் உடைத்து, செதுக்கி, பலகை அடித்து, கலவை போட வேண்டும். கலவை இறுகுவதற்குள் கடல் திரும்பி வந்துவிடும். அப்புறம் அடுத்த இறக்கம் நடுராத்திரியில் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பக்கத்திலேயே கடல் இருக்க, குளம் எதற்கு?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கடலில் எல்லோராலும் நீந்த முடியாது என்பதுதான் நேரான பதில். கரைக்கு வரும் தண்ணீர் திரும்பிப் போகும்போது ஒரு குறுகிய பாதையில் சேர்ந்து, ஆற்று வெள்ளம் மாதிரி ஆளை ஆழத்துக்கு இழுத்துப்போகும். இந்த நீரோட்டத்தை இங்கே ரிப் என்கிறார்கள். பிரான்டி குளத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் ரிப்புக்கு "பிரான்டி எக்ஸ்பிரஸ்" என்று உள்ளூர்க்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். 1938 பிப்ரவரி 6 அன்று சிட்னியின் பாண்டை கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் கூட்டத்தையே ஆழத்துக்குள் இழுத்துவிட்டன, ஏறக்குறைய 250 பேரை மீட்டார்கள், 5 பேர் இறந்துபோனார்கள். சுறா பயமும் இருந்தது. சுவருக்குள் ரிப்பும் இல்லை, சுறாவும் இல்லை.

ஆனால் ஆரம்பக் காரணம் வெட்கம் என்றால் சிரிப்பீர்கள். 1838லிருந்து நியூ சவுத் வேல்ஸில் ஊருக்குப் பக்கத்தில், பிறர் கண்ணில் படும் இடத்தில், காலை 6 மணியிலிருந்து இரவு 8 மணி வரை குளிக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. கடற்கரை தேசம் என்று பெயர் வாங்கிய நாட்டில், பட்டப்பகலில் கடலில் இறங்கினால் குற்றம்! அதனால் குன்றின் மறைவில், ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம், அல்லது தனித்தனி நேரம் என்று ஒதுக்கிய குளியல் இடங்கள் தேவைப்பட்டன. 1902இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டே மேன்லி நகரசபை தடையைத் தளர்த்தியது. அதற்கப்புறம் கடற்கரைக்குக் கூட்டம் வந்தது, கூட்டத்தோடு ரிப்பில் மாட்டுகிறவர்களும் வந்தார்கள், குளத்தின் தேவை மறைவிலிருந்து பாதுகாப்புக்கு மாறியது.

ஊரா, அரசா, யார் கட்டியது?

ஒரே பதில் கிடையாது. மக்கள் கட்டினார்கள் என்று மொத்தமாகச் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் முதல் குளத்திலேயே அது இடறும். சிட்னிக்கு வடக்கே நியூகாசிலில் உள்ள போகி ஹோல் (பிரான்டியில் இருப்பதற்கும் இதே பெயர், இது வேறு) 1819 வாக்கில் குடையப்பட்டது. குடைந்தவர்கள் கைதிகள். அந்தக் கைதிக் குடியிருப்பின் தலைமை அதிகாரியான மேஜர் ஜேம்ஸ் மோரிசெட் குளிப்பதற்காக, பாறையைக் கையால் வெட்டினார்கள். பொதுமக்கள் கைக்கு அது வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. போகி என்ற சொல் குளிப்பதைக் குறிக்கும் பூர்வகுடிச் சொல் என்கிறார்கள். சொல் அவர்களுடையது, உழைப்பு கைதிகளுடையது, குளியல் மட்டும் மேஜருடையது.

1887இல் திறந்த பிரான்டி குளம் நகரசபையின் வேலை. சிட்னியின் கூஜி பகுதியில் இருக்கும் வைலிஸ் பாத்ஸ் என்ற குளத்தை 1907இல் கட்டியவர் ஹென்றி அலெக்சாண்டர் வைலி என்ற நீச்சல் வீரர், அது தனியார் குளமாகத்தான் ஆரம்பித்தது. அதில் பழகிய அவர் மகள் மினா வைலி 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் போனார். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் நீச்சல் சேர்க்கப்பட்டதே அந்த வருடம்தான். ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்று பெண்கள் நீச்சல் சங்கமே விதி வைத்திருந்தது. எதிர்ப்புக் கிளம்பி விதி தளர்ந்தது, செலவுக்கு மக்களிடம் பணம் திரட்டினார்கள். 100 மீட்டரில் ஃபேனி டுராக் தங்கம், மினா வைலி வெள்ளி. ஒரே ஊரில் பழகிய தோழிகள் இருவரும்!

அப்படியானால் ஊர்மக்கள் கட்டியது எங்கே? மேன்லிக்குப் பக்கத்தில் ஃபேரி பவர் என்று ஒரு குட்டிக் குளம் இருக்கிறது, முக்கோண வடிவம். நடைபாதையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் காலடியிலேயே தெரியும். 1929இல் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்களே கட்டியது. போட்டி நடத்த லாயக்கில்லாத வடிவம், யாரும் அதற்காகக் கட்டவும் இல்லை. பிள்ளைகள் இறங்க ஓர் இடம் வேண்டும், பாறை இப்படி இருக்கிறது, சுவர் இப்படித்தான் போகும், அவ்வளவுதான் கணக்கு. எனக்கு இந்த நூறு குளங்களிலும் இதைத்தான் அதிகம் பிடிக்கும். சிட்னிக்குத் தெற்கே இல்லவாரா கரையில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த ஊர்களில், சுரங்கத் தொழிலாளர்களே பாறையை உடைத்துக் குளம் கட்டினார்கள். பாறை உடைப்பது அவர்களுக்குத் தெரிந்த வேலைதானே.

1930களின் பெருமந்தக் காலம் இதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது. வேலையில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்த காலம் அது. சும்மா உதவித்தொகை கொடுப்பதற்குப் பதில் வேலை கொடுத்துக் கூலி தரும் நிவாரணத் திட்டங்களை அரசு நடத்தியது. நம்மூர் நூறு நாள் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை போட்டார்கள், பூங்கா அமைத்தார்கள், கூடவே குளமும் கட்டினார்கள். கூலி அரசுப் பணம், கைகள் ஊர்க்காரர்களுடையவை, குளம் வேண்டும் என்று விடாமல் கேட்டது உள்ளூர் முன்னேற்றச் சங்கமும் நீச்சல் கிளப்பும். இதை யார் கட்டியதாக எழுதுவது?

சுருக்கமாக: கைதி, நகரசபை, தனியார், நிவாரணக் கூலி, ஊர்மக்கள் என்று கட்டிய கைகள் பல. நேரடியாக ஊரே இறங்கிக் கட்டியவை அதில் ஒரு பகுதி மட்டும்.

குடிமராமத்து

ஆனால் வாட்ஸ்அப்காரர் சொன்ன பாதி உண்மையை நான் கட்டுமானத்தில் தேட மாட்டேன், பராமரிப்பில்தான் தேடுவேன். ஏரியை வெட்டியது ராஜாவாக இருக்கலாம், ஆனால் வருடா வருடம் தூர்வாரி, கரையடைத்துக் காப்பாற்றியது ஊர்க்காரர்கள், அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மாமாவுக்கு இதையும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

கூஜியில் மெக்கைவர்ஸ் என்ற குளம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். 1886லிருந்து இருக்கிறது. 1920களின் தொடக்கத்திலிருந்து அதை நடத்துவது உள்ளூர்ப் பெண்கள் நீச்சல் சங்கம். ஆண்களை விடாதது பாகுபாடு என்று புகார் எழுந்தபோது, 1995இல் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள். நூறு வருடமாக ஒரு சங்கம் சாவியைக் கையில் வைத்திருப்பது குளம் கட்டுவதைவிடக் கஷ்டமான காரியம் என்று எனக்குத் தோன்றும்.

பாண்டையில் ஐஸ்பெர்க்ஸ் கிளப் 1929இல் தொடங்கியது, குளிர்காலத்திலும் உடம்பு விட்டுப்போகாமல் இருக்க நினைத்த கடற்கரை உயிர்காப்பாளர்கள் ஆரம்பித்தது. அதில் முழு உறுப்பினர் ஆகப் பணம் மட்டும் போதாது. குளிர்காலத்தில் மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றிலாவது குளத்தில் இறங்கிப் போட்டியிட வேண்டும், அப்படி ஐந்து வருடம். பருவத்தின் முதல் நாள் குளத்துக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டுவிட்டுக் குதிப்பார்கள்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பியூட் என்ற ஊரின் கடல் குளம் 1930இல் கட்டியது, 91 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். உள்ளாட்சி அமைப்பு செலவிலிருந்து கைகழுவியபோது ஊர்க்காரர்கள் 2011இல் அறக்கட்டளை அமைத்துத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். எண்பது வருடம் கழித்துத்தான் அது ஊர்க் குளமானது என்றுகூடச் சொல்லலாம்.

சிட்னியில் பெரும்பாலான குளங்கள் இப்போது நகரசபைகளின் பொறுப்பு. இறக்கம் பார்த்து வால்வைத் திறந்து, காலியான தரையில் பாசியைச் சுரண்டி, மணலை அள்ளிக் கடலுக்குத் தள்ளுகிறார்கள். அந்தப் பச்சைப் பாசி படிக்கட்டில் வழுக்கினால் எழுந்திருக்கவே ஐந்து நிமிடம் ஆகும், அனுபவம்.

இறங்குவதற்கு முன்

சுவர் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காதீர்கள். தண்ணீர் மாறுகிறது என்றால் கூடவே கடலும் உள்ளே வருகிறது என்று பொருள். ஜெல்லிமீன் மாதிரி நீல நிறத்தில் மிதந்து, நூல் போன்ற வாலால் கொட்டும் புளூபாட்டில் வரும். சுவர் இடுக்குகளில் முள்ளு முள்ளாகக் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் நீல வளைய ஆக்டோபஸ் அபூர்வமாகக் கண்ணில் படும், அழகாக இருக்கிறதே என்று தொட வேண்டாம், அதன் விஷம் ஆளைக் கொல்லும். பெரிய அலை நாளில் கடல் பக்கத்துச் சுவர்மேல் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். குளத்துக்குள் இருப்பவரைவிடச் சுவர்மேல் நிற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்து, இறக்கத்தை ஒட்டிப் போங்கள். அலை சுவருக்கு வெளியே நிற்கும், தரை தெரியும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் ஏற்றத்தில் போனால் தண்ணீர் புதுசாக இருக்கும். பாண்டை ஐஸ்பெர்க்ஸ் குளத்துக்கு மட்டும் வியாழக்கிழமை போகாதீர்கள், அன்று சுத்தம் செய்வதற்காக மூடியிருப்பார்கள். நாங்கள் தெரியாமல் வியாழக்கிழமைதான் போனோம். மேலே நடைபாதையிலிருந்து பார்த்தால் குளம் காலி, வெள்ளைத் தரை, ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் நின்றது. நான் வந்தது வீண் என்று சலித்துக்கொண்டேன். மாமா கம்பியில் சாய்ந்து அரை மணி நேரம் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமாக வடிந்திருக்கும் என்று தரையின் சரிவைக் கையால் காட்டிக் காட்டி, மதகு எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் கிளம்பினார்.